ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன், கண் எரிகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

செம்பருத்தி47:

வணக்கம். பல வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போவேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 47, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 44 வயதில் நார்க்கட்டியும் இரண்டு பக்கமும் நீர்க்கட்டியும் இருந்ததால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. போர்டில் எழுதிக்கொண்டே இருப்பேன், திடீரென்று அடுப்புக்குள் தலையைக் கொடுத்தது போல ஒரு சூடு கிளம்பும், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டாமல் போர்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து மொட்டை மாடியில் போய் உட்காருவேன். லேடி டாக்டர் எஸ்ட்ரடயால் என்ற எஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் சூடு அடங்கியது, தூக்கம் வந்தது, நான் பழைய ஆளாக ஆனேன். இரண்டரை வருடமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பிரச்சினை கண்ணில். ஒரு வருடமாகவே லேசாக இருந்தது, இந்த நான்கு மாதமாகத் தாங்க முடியவில்லை. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல். திருப்புதல் தேர்வுத் தாள் திருத்த உட்கார்ந்தால் பதினைந்தாவது தாளுக்கு மேல் எழுத்து கலங்கிவிடுகிறது, இரண்டு மூன்று தடவை கண்ணை மூடித் திறந்தால் தெளிகிறது, மறுபடி கலங்குகிறது. ஆனால் ஸ்கூட்டியில் போனால் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. இவ்வளவு தண்ணீர் வரும் கண்ணை வறண்ட கண் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

போன வருடம் கண் டாக்டரிடம் காட்டினேன். சர்க்கரை இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். ஹார்மோன் மாத்திரை எடுக்கிறீர்களா என்று அவர்களும் கேட்கவில்லை, கர்ப்பப்பைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை. டிரை ஐ என்று சொல்லி டியர் டிராப்ஸ் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கொடுத்தார்கள். போன வாரம் லேடி டாக்டரிடம் கேட்டேன், அது கண் டாக்டரைத்தான் கேட்கணும் என்று அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் என் ஓரகத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் பார்வையே போய்விடும் என்று. என் அம்மாவுக்கு கிளக்கோமா, கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய். அறுபது வயதில் கண்டுபிடிக்கும்போதே ஒரு கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அதனால் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது.

நேற்று ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போட்டேன். இந்த எரிச்சலுக்குக் காரணம் மாத்திரைதானா? நிறுத்தினால் கண் சரியாகுமா? இதே போல் யாருக்காவது இருந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


நொய்யல்கரை:

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் எழுதியது போலவே இருந்தது. எனக்கு 53. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன், நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே துணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை, பஞ்சுத் தூசி வேறு. எனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, அதனால் எஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு எஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உள்சுவர் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம், அதற்குத்தான் இரண்டாவது மருந்து என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்.

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கண் எரிகிறது என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். பத்து நாளில் உடம்புச் சூடு திரும்ப வந்தது, முன்பைவிட மோசமாக. தூக்கம் போனது. தூக்கம் இல்லாமல் கண் இன்னும் எரிந்தது. இரண்டு மாதம் பார்த்தேன், கண் அப்படியேதான் இருந்தது. அதாவது மாத்திரையும் இல்லை, கண்ணும் சரியாகவில்லை, இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்புறம் வேறு ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு பொண்ணு சின்னக் காகிதக் கீற்றைக் கீழ் இமைக்குள் மாட்டி ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம்தான் நனைந்திருந்தது, 7 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு டாக்டர் என் கீழ் இமையின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தி, கம்ப்யூட்டர் திரையில் எனக்கே காட்டினார். அந்த விளிம்பில் வரிசையாகப் பொடிப் பொடித் துளைகள், எண்ணெய்ச் சுரப்பிகளாம். நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக வரவேண்டியது, எனக்குப் பற்பசை மாதிரி வெள்ளையாகப் பிதுங்கி வந்தது. இத்தனை வருடமாக என் இமைக்குள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கண்ணீருக்கு மேலே எண்ணெய்ப் படலம் இல்லாததால் கண்ணீர் உடனே ஆவியாகிவிடுகிறது என்றார். எண்ணெய் சரியில்லாத கண் காற்றுப் பட்டதும் எரிந்து, எரிச்சலுக்குப் பதிலாகத் தண்ணீரைக் கொட்டும், ஆனால் அந்தத் தண்ணீர் நிற்காது, வழிந்துபோகும். ஸ்கூட்டியில் உங்களுக்கு நடப்பது அதுதான்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வைக்க வேண்டும். ஒரு துண்டு ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பத்து நிமிடம். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கிற அளவில்தான் வைக்கணும். அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக விரலால் நீவிவிட வேண்டும். காலையும் ராத்திரியும் செய்தேன், ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. மாத்திரையை டாக்டரம்மா மறுபடி குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொடுத்தார், இன்றுவரை எடுக்கிறேன்.

என் மாமியார் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துப் படுக்கச் சொல்வார். குளிர்ச்சியாக இருக்கும், மூடிய கண்மேல் வைப்பதில் தப்பில்லை. அதைப் பிழிந்து கண்ணுக்குள் விடுவது, தேன் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம்.


இமைநேரம்:

டீச்சர், நான் ஆப்டோமெட்ரிஸ்ட். 19 வருடமாகக் கண் பரிசோதனை அறையில்தான் வேலை. டாக்டர் இல்லை, அதனால் மருந்தை மாற்றச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீடியோ. மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் கண் வறட்சிக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அமெரிக்காவில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கேட்டு எடுத்த ஒரு ஆய்வு 2001-ல் வந்தது, எங்கள் படிப்பில் இன்றும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாத்திரையே எடுக்காதவர்களில் 100 பேருக்குச் சுமார் 6 பேரிடம் கண் வறட்சி இருந்தது. எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்து எடுத்தவர்களில் 7 பேருக்குக் கொஞ்சம் குறைவு. எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 9 பேர். வயது போன்ற மற்ற காரணங்களைக் கழித்துக் கணக்குப் போட்டபோது எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு 69 சதவீதம் கூடுதல் என்று வந்தது. வீடியோ போடுகிறவர்கள் இந்த 69-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கத்துவார்கள். 6 பேர் 9 பேர் ஆனார்கள் என்று சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள், ஆனால் இரண்டும் ஒரே செய்திதான். எடுக்கும் ஒவ்வொரு 3 வருடத்துக்கும் வாய்ப்பு 15 சதவீதம் ஏறியது என்றும் அதில் இருக்கிறது. பார்வை போய்விடும் என்று அதில் எங்கேயும் இல்லை.

இப்படி ஏன் ஆகிறது என்றால், நொய்யல்கரை அக்கா சொன்ன அந்த இமை எண்ணெய்ச் சுரப்பிகளை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்கிறோமே, ஆண்ட்ரோஜன், அதுதான். பெண்கள் உடம்பிலும் அது உண்டு. அதில் ஒரு பங்கு சினைப்பையிலிருந்து வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகும் சினைப்பை அதைக் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு 44 வயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டதால் அந்தப் பங்கு ஒரே நாளில் நின்றுபோயிருக்கும். அதற்கு மேல், வாய் வழியாக எஸ்ட்ரோஜன் போட்டால் அது கல்லீரலைத் தாண்டிப் போகும்போது ஒரு புரதத்தைக் கூட்டிவிடுகிறது, மிச்சமிருக்கும் ஆண்ட்ரோஜனை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக உங்கள் இமை எண்ணெய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இழப்பு. இதைப் பார்த்தால் உங்கள் கண் எரிச்சலில் ஆபரேஷனுக்கும் பங்கு உண்டு, மாத்திரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். மாத்திரையை நிறுத்தினாலும் ஆபரேஷனில் போனது திரும்பி வராது. நொய்யல்கரை அக்காவுக்கு நிறுத்தியும் சரியாகாததில் ஆச்சரியம் இல்லை.

தோலில் தடவும் எஸ்ட்ரோஜன் ஜெல் நம் ஊரிலும் கிடைக்கிறது, அது கல்லீரல் வழியாகப் போவதில்லை, ரத்தம் உறையும் ஆபத்தும் மாத்திரையைவிட அதில் குறைவு. உங்களுக்கு அது ஒத்துவருமா என்று லேடி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று, 45 வயதுக்கு முன்னால் சினைப்பை போனவர்களுக்கு எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் தேவை, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது கொடுப்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். 60 வயதில் புதிதாக ஆரம்பிக்கிறவருடைய கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஹார்மோன் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள் என்று எல்லோரும் பேசுவார்கள், அதில் இருந்தவர்களின் சராசரி வயதே 63. அதை வைத்து 44 வயதில் ஆபரேஷன் ஆனவரைப் பயமுறுத்துவது நியாயம் இல்லை.

இப்போது அம்மாவின் கிளக்கோமா, எனக்கு அதிகமாகக் கவலை தருவது இதுதான். எஸ்ட்ரோஜன் மாத்திரை கண் பிரஷரை ஏற்றும் என்பது தப்பான செய்தி. மேலே சொன்ன அந்த 63 வயதுக்காரர்களின் பெரிய ஹார்மோன் ஆய்விலேயே எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்குக் கண் பிரஷர் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவாகத்தான் இருந்தது. அது ரொம்பச் சின்ன வித்தியாசம், அதை நம்பி யாரும் கிளக்கோமாவுக்கு எஸ்ட்ரோஜன் கொடுப்பதில்லை. மறுபக்கம், நெதர்லாந்தில் ரோட்டர்டாம் ஊரில் எடுத்த ஆய்வில் 45 வயதுக்கு முன்னால் மாதவிடாய் நின்றவர்களிடம் கிளக்கோமா அதிகமாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் இருக்கிறது, உங்களுக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர், கண் நரம்பு, கண்ணுக்குள் திரவம் வடியும் இடத்தில் இருக்கும் கோணம் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டிய ஆள் நீங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு 40-க்கு மேல் அந்தக் கோணம் குறுகிப் போவதும் அதிகம்.

ஒரு கேள்வி கேட்கிறேன். பொரி, முறுக்கு சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இறங்குகிறதா? வாயும் கூடவே வறண்டால், மூட்டு வலியும் இருந்தால், ஸ்யோகிரன் என்ற நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், உங்கள் வயதுப் பெண்களைத்தான் அது அதிகம் பிடிக்கும்.

இன்னொன்று. டியர் டிராப்ஸ் தவிர வேறு எந்தச் சொட்டு மருந்தாவது விடுகிறீர்களா? கண் சிவந்தால், அரித்தால் விடுவது? பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்த்து எழுதுங்கள். அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை எது எடுத்தாலும் சொல்லுங்கள்.


மரிக்கொழுந்து:

ஹார்மோனும் கண்ணும் என்றதும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீச்சருடைய மாத்திரை வேறு, இது வேறு, ஆனால் இதைப் படிக்கும் பல பேர் இதைத்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். திருவிழா, கல்யாணம் என்றால் நாள் தள்ளிப்போடப் போடுகிறோமே, நோரெதிஸ்டிரோன், அந்த மாத்திரை. நாற்பதுக்கு மேல் போக்கு அதிகமானாலும் நிறுத்த அதையே கொடுக்கிறார்கள். என் நாத்தனாருக்கு 43. ஒரு தடவை டாக்டர் 21 நாளைக்கு எழுதிக் கொடுத்ததை, ரத்தப்போக்கு வரும்போதெல்லாம் அவளாகவே மெடிக்கலில் வாங்கி தினம் மூன்று என்று மாதக்கணக்கில் போட்டிருக்கிறாள். அவளுக்கு பி.பி.யும் உண்டு, அதற்கு மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை.

ஒரு நாள் காலையில் கோலம் போடும்போது இடது பக்கத்துப் புள்ளி எல்லாம் புகைக்குள் இருப்பது போலத் தெரிந்ததாம். வலி இல்லை, சிவப்பு இல்லை. புரை விழுகிறதோ என்று ஐந்து நாள் சும்மா இருந்திருக்கிறாள். விழித்திரையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், மாதம் ஒன்றாக ஐந்து ஊசி. இப்போது முக்கால்வாசி தெரிகிறது, ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, பி.பி.தான் முக்கியக் காரணம், மாத்திரையும் சேர்ந்திருக்கலாம் என்றார். ஆனால் அந்த மாத்திரையின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால், திடீரென்று பார்வை குறைந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு உடனே கண்ணைக் காட்டு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தத் தாளை யார் பிரிக்கிறோம்? பாதிக் கடையில் அட்டையை வெட்டித்தானே கொடுக்கிறார்கள், தாள் நம் கைக்கு வருவதே இல்லை.

எரிச்சலுக்கு ஒரு வாரம் காத்திருக்கலாம். பார்வை திடீரென்று மங்கினால் அன்றைக்கே போங்கள். இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்காமார்களே.


செம்பருத்தி47:

எல்லோருக்கும் நன்றி. நொய்யல்கரை அக்கா, இன்று காலையே வெந்நீர்த் துண்டு வைத்தேன், வைத்திருக்கும் பத்து நிமிடமும் கண்ணுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இமைநேரம் சார், முறுக்கு நன்றாக இறங்குகிறது, வாய் வறட்சி இல்லை, மூட்டு வலியும் இல்லை. அலர்ஜிக்கு செட்ரிசின் எப்போதாவது போடுவேன். சொட்டு மருந்து கேட்டீர்கள். இரண்டு வருடம் முன்னால் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். இப்போது கண் சிவக்கும்போது அதையே விடுகிறேன். காலி பாட்டிலைக் காட்டினால் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்துவிடுவார்கள். விட்டால் அரை மணி நேரத்தில் எரிச்சல் அடங்கிவிடுகிறது, டியர் டிராப்ஸைவிட இதுதான் எனக்குக் கேட்கிறது. நான்கு மாதமாகத் தினம் மூன்று வேளை விடுகிறேன். மகளை விட்டுப் பாட்டிலைப் படிக்கச் சொன்னேன். குளோரம்ஃபெனிக்கால், டெக்ஸாமெத்தசோன் என்று போட்டிருக்கிறதாம்.


இமைநேரம்:

டீச்சர், நாளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கண் பிரஷர் பாருங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைப் போலச் செய்து, அதைவிடப் பல மடங்கு வீரியமாக வைத்த மருந்து. நீங்கள் ஹார்மோன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்தீர்களே, கண்ணுக்கு உண்மையில் ஆபத்தான ஹார்மோன் அந்தச் சின்ன பாட்டிலில் இருக்கிறது. கடுமையான மெட்ராஸ் ஐக்கோ, ஆபரேஷன் ஆன கண்ணுக்கோ டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து, நாங்களே தினமும் கொடுக்கிறோம். நாள் கணக்கு இல்லாமல் விட்டால் கண்ணுக்குள் திரவம் வெளியேறும் வடிகால் அடைத்துக்கொண்டு பிரஷர் ஏறும். சில வாரம் விட்டாலே மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும். பெற்றோருக்கு கிளக்கோமா இருந்தால் ஏறும் வாய்ப்பு இன்னும் அதிகம். வலிக்காது, சிவக்காது. சிவப்பை அதுவே அடக்கி வைத்திருப்பதால் கண் வெள்ளையாக, நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். புரையும் சீக்கிரம் விழும்.

எரிச்சல் அடங்குகிறதே என்று கேட்பீர்கள். வறண்ட கண்ணில் அழற்சி இருக்கும், ஸ்டீராய்டு அதை அடக்கும், அதனால்தான். அதே வேலையைப் பிரஷரை ஏற்றாமல் செய்யும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் டாக்டர் எழுதுவார்.

போகும்போது அந்த பாட்டில், எஸ்ட்ரடயால் அட்டை, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, போன வருடக் கண் சீட்டு நான்கையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் மேஜைமேல் எடுத்து வையுங்கள். அம்மாவின் கிளக்கோமாவை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.


தாமிரபரணி:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என்னுடையது இன்னொரு பக்கம். எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆறு வருடம் ஆகிறது, முதல் மூன்று வருடம் டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம், அதன்பின் லெட்ரோசோல். டீச்சர் ஹார்மோனைச் சேர்க்கிறார், நான் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறேன், ஆனாலும் எரிகிற கண் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். லெட்ரோசோலுக்கு மாறிய மூன்றாவது மாதமே கண் காய்ந்துபோனது. டமாக்ஸிஃபென் அபூர்வமாக விழித்திரையில் படிகம் போலப் படியலாம், புரையையும் கொண்டுவரலாம் என்று என் கேன்சர் டாக்டரே சொல்லி வருடம் ஒரு தடவை கண்ணைக் காட்ட வைத்தார். எனக்கு எதுவும் வரவில்லை.

என்னைப் போன்றவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கண் எரிகிறது என்று அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் இருக்கிறது. அந்த மாத்திரை செய்யும் வேலைக்கு வேறு மாற்று அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. நான் இரண்டு இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் டியர் டிராப்ஸ் வைத்திருக்கிறேன், ஒன்று தலைமாட்டில், ஒன்று அடுப்படி ஜன்னலில். அடிக்கடி விடுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகை கேட்டு வாங்குங்கள், நாள் முழுக்க விட்டால் அந்த பிரிசர்வேட்டிவே கண்ணை அரிக்கும்.


செம்பருத்தி47:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள், செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

மறுநாளே போனேன். போன வருடச் சீட்டில் வலது 16, இடது 17 என்று இருந்தது. அன்றைக்கு வலது 26, இடது 28. 21 வரைதான் இயல்பு என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது, அம்மா டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டுக் கை எடுப்பாள், நாங்கள் எல்லோரும் கவனம் இல்லை என்று திட்டுவோம், கண் தெரியாமல்தான் வைத்தாள் என்று வெகுநாள் எங்களுக்குத் தெரியாது.

டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் அதை வாங்கித் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. நரம்பை ஸ்கேன் எடுத்தார்கள், கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். கோணம் திறந்திருக்கிறது, நரம்பு இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது. பிரஷரைக் குறைக்க ஒரு சொட்டு மருந்து மூன்று வாரம் கொடுத்தார், பிறகு அதையும் நிறுத்திப் பார்த்தார். நேற்று வலது 17, இடது 18. பரிசோதனை அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இமைநேரம் சார், நீங்கள் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் விட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இமை எண்ணெய் எனக்கும் கெட்டியாகத்தான் இருக்கிறதாம். துண்டு ஒத்தடம் தொடர்கிறேன். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் பத்து நாள் கண் ரொம்பச் சிவந்தது, பயந்துவிட்டேன், அதற்கு சைக்ளோஸ்போரின் கொடுத்திருக்கிறார், முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், விடும்போது எரியும் என்று முன்கூட்டியே சொன்னார். எரிகிறது, விடுகிறேன். இப்போது இருபத்தைந்து தாள்வரை திருத்த முடிகிறது.

எஸ்ட்ரடயாலை நிறுத்தவில்லை. கண் டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன், இந்த முறை அவர் உட்கார்ந்து பேசினார். ஜெல்லுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவிட்டு வரச் சொன்னார். ஓரகத்திக்கு போன் போட்டு விவரமாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் மெதுவாக, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அந்த மாதிரி ஒரு பாட்டில் இருக்கிறது அக்கா, மாமனாருக்குக் கண் அரித்தால் விடுவோம் என்றாள். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், சார் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.